கலைக்கென ஓர் உயர்நிலைப் பள்ளி

குருநாகலிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, தம்புள்ளையை எட்டுவதற்கு முன்னர் வழிப்போக்கர் கடந்து செல்லும் ஊர் கலேவெல. மாத்தளை மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில், வயல்களும் குளங்களும் தோட்ட நிலங்களும் சூழ்ந்த இப்பிரதேசத்தில் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழ்ந்து வருகின்றனர். இத்தகைய ஓர் ஊரிலே, பார்த்ததை அப்படியே வரையவல்ல கையோடு ஒரு பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஒருமுறை கேட்ட இராகத்தைப் பிசகின்றிப் பாடவல்ல செவியோடு பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணிதத்தில் வல்ல பிள்ளைக்கு முன்னே செல்லும் வழி எது என்பதை ஊரார் அனைவரும் அறிவர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, பெரிய பாடசாலை, பல்கலைக்கழகம், உத்தியோகம் என அவ்வழி தெளிவாகக் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. கலையில் வல்ல பிள்ளைக்கு அவ்வாறு ஒரு வழி உண்டா? அவ்வழியை அமைப்பது அரசின் கடமையா, அல்லது பெற்றோரின் சொந்த முயற்சிக்கே விடப்பட வேண்டியதா? உலகின் பல நாடுகளில் எழுந்த இக்கேள்விக்கு, பல்வேறு விடைகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் குறிப்பிடத்தக்க ஒன்று, கலைக்கெனவே அரசு நடத்தும் உயர்நிலைப் பள்ளியாகும்.

கலைப் பள்ளி என்றவுடன், பாட்டும் கூத்துமாகப் பொழுதைக் கழிக்கும் இடம் எனச் சிலர் எண்ணக்கூடும். இவ்வெண்ணம் முற்றிலும் தவறானது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே 1936ஆம் ஆண்டு இசைக்கும் ஓவியத்துக்கும் உரிய உயர்நிலைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவர் அந்நகரின் முதல்வராயிருந்த பியோரெல்லோ லா குவார்டியா என்பவர். இவருடைய தந்தையார் இராணுவ வாத்தியக் குழுவொன்றின் தலைவராகப் பணியாற்றியவர். பொருளாதார நெருக்கடி உலகை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. வேலையற்றோர் தெருக்களில் வரிசையாய் நின்றனர். அத்தகைய காலத்திலே, பொதுமக்களின் வரிப்பணத்தைக் கொண்டு இசைக்கும் ஓவியத்துக்கும் ஒரு பள்ளி எழுப்புவது துணிவான செயலே. ஏழையின் பிள்ளைக்கும் இசைத்திறன் இருத்தல் கூடும். கட்டணம் செலுத்த இயலாமை காரணமாக அத்திறன் மடிந்துபோதல் நாட்டுக்கு நட்டம் என்னும் கருத்தே அப்பள்ளிக்கு அடிப்படையாயிற்று. 1948ஆம் ஆண்டில் நாடகம், நடனம் முதலிய அரங்கக் கலைகளுக்கெனத் தனியான மற்றொரு பள்ளி அதே நகரில் உருவாகியது. 1961ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒரே நிருவாகத்தின் கீழ் வந்தன. 1984இல் ஒரே கட்டடத்தில் இணைந்தன. தோற்றுவித்தவரின் பெயரையே அப்பள்ளி இன்று தாங்கி நிற்கிறது.

இத்தகைய பள்ளி ஒன்றில் கல்வி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும் சற்று நோக்குதல் வேண்டும். அங்கே மொழி உண்டு, கணிதம் உண்டு, விஞ்ஞானமும் வரலாறும் உண்டு. மற்றைய பள்ளிகளின் மாணவர் எழுதும் அதே அரச பரீட்சைகளை இம்மாணவரும் எழுதுகின்றனர். ஆயினும் ஒவ்வொரு நாளிலும் பல பாடவேளைகள் கலைப் பயிற்சிக்கென ஒதுக்கப்படுகின்றன. வாரத்துக்கு ஓரிரு பாடவேளை என்பது கலையை அறிமுகம் செய்துவைக்கப் போதுமானது. கலையை வசமாக்கிக்கொள்வதற்கோ நாள்தோறும் தவறாத பயிற்சி வேண்டும். வீணை பயில்வோன் விரல் பழகுவதற்கும், நடனம் பயில்வோள் அடவு படிவதற்கும், ஓவியம் பயில்வோன் கண்ணும் கையும் ஒத்திசைவதற்கும் ஆண்டுகள் பல செல்லும். அவ்வாண்டுகளைப் பள்ளி நாளுக்குள்ளேயே தருவதுதான் கலைப் பள்ளியின் தனித்தன்மை.

பள்ளிக்கு மாணவரைத் தெரிவுசெய்யும் முறையும் வேறுபட்டது. பிள்ளை வாழும் தெருவையோ, பெற்றோரின் நிலையையோ பாராது, நகரின் எப்பகுதியிலிருந்தும் விண்ணப்பிக்க அங்கு இடமளிக்கப்பட்டது. ஓவியத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை தான் வரைந்த படங்களின் தொகுப்பைக் கொண்டுவர வேண்டும். இசைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும். ஆசிரியர் ஒலிக்கும் சுரங்களை மீண்டும் ஒலித்துக்காட்ட வேண்டும். தாளத்தைத் தட்டிக்காட்ட வேண்டும். நாடகத்துக்கு வருவோர் தனிமொழிகளை நடித்துக் காட்டுவர். எழுத்துப் பரீட்சையில் வெளிப்படாத திறன்கள் இத்தகைய நேர்முகத் தேர்வில் வெளிப்படுகின்றன.

காந்தப் பாடசாலை என்னும் பெயர் இதன் பின்னரே தோன்றியது. அதன் வரலாறு கலையின் வரலாறன்று. சமூக நீதியின் வரலாறு. அமெரிக்காவின் பல மாநிலங்களிலே கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் வெவ்வேறு பள்ளிகளிற் பயில வேண்டும் எனச் சட்டமே விதித்திருந்தது. 1954ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் இவ்வேற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோதிலும் நடைமுறை எளிதில் மாறவில்லை. பிள்ளைகளைப் பேருந்துகளில் ஏற்றித் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பிய இடங்களில் பெற்றோரின் எதிர்ப்புக் கிளம்பிற்று. அந்நிலையிலேதான் வேறொரு வழி சிந்திக்கப்பட்டது. எவரையும் வலிந்து அனுப்பாமல், எல்லாரும் தாமே விரும்பி வரத்தக்க சிறப்பை ஒரு பள்ளிக்கு அளித்தால் என்ன? காந்தம் இரும்புத் துகள்களை நாற்றிசையிலிருந்தும் ஈர்ப்பதுபோல, அத்தகைய பள்ளி பல இனப் பிள்ளைகளையும் தன்பால் ஈர்க்கும் அன்றோ? 1960களின் இறுதியிலும் 1970களிலும் இவ்வகைப் பள்ளிகள் பல எழுந்தன. அவற்றுட் சில விஞ்ஞானத்தையும், சில மொழிகளையும், சில கலையையும் தத்தம் சிறப்பாகக் கொண்டன.

இதற்கு டலஸ் நகரின் எடுத்துக்காட்டு ஒன்று போதும். புக்கர் ரி. வாஷிங்டன் என்னும் கறுப்பினக் கல்வியாளரின் பெயரால் 1922ஆம் ஆண்டு முதல் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி விளங்கிற்று. கறுப்பினப் பிள்ளைகளுக்கெனப் பிரித்து ஒதுக்கப்பட்ட பள்ளி அது. 1976ஆம் ஆண்டில் அப்பள்ளி அரங்கக் கலைகளுக்கும் காட்சிக் கலைகளுக்கும் உரிய காந்தப் பாடசாலையாக மாற்றப்பட்டது. ஒரு காலத்தில் ஓரினத்தவரைப் புறத்தே ஒதுக்கிவைப்பதற்குப் பயன்பட்ட இடத்தினுள், பின்னர் எல்லா இனத்தவரும் இடந்தேடி விண்ணப்பித்து நின்றனர். சட்டத்தால் திறக்க அரிதாயிருந்த கதவு கலையால் திறந்தது எனலாம். பல இனமும் பல மொழியும் அருகருகே வாழும் கலேவெல போன்ற ஊர்களுக்கு இச்செய்தி பெரிதும் பொருத்தமுடையது.

இனி நம் நாட்டை நோக்குவோம். நியூயோர்க்கில் இசைப் பள்ளி எழுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கையில் இவ்வகையான முயற்சியொன்று கால்கொண்டது. 1934ஆம் ஆண்டு மே மாதம் கவி இரவீந்திரநாத் தாகூர் இலங்கைக்கு வந்திருந்தார். அவர்தம் குழுவினர் கொழும்பில் நாட்டிய நாடகம் நிகழ்த்தினர். அதே மாதம் 20ஆம் நாள், ஹொரணையிலே வில்மட் ஏ. பெரேரா என்னும் செல்வர் தொடங்கிய கல்வி நிலையத்துக்குத் தாகூர் அடிக்கல் நாட்டினார். ஸ்ரீபாலி என்பது அதன் பெயர். வங்காளத்துச் சாந்திநிகேதனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, இசையும் நடனமும் ஓவியமும் கைப்பணியும் பொதுக்கல்வியோடு கலந்து பயிலப்படும் இடமாக அது அமைந்தது. தனியார் கொடையாகத் தோன்றிய அப்பள்ளி பின்னர் அரச பாடசாலையாயிற்று. 1996ஆம் ஆண்டில் அதன் அருகே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகமும் தோன்றி, அரங்கக் கலையையும் வெகுசன ஊடகத்தையும் கற்பிக்கலாயிற்று. கலைக்கென ஓர் அரச உயர்நிலைப் பள்ளி என்னும் கருத்துக்கு இலங்கையில் மிக நெருங்கி வந்த எடுத்துக்காட்டு இதுவே எனலாம்.

தமிழ்நாட்டிலும் இதனையொத்த முயற்சிகள் உண்டு. 1936ஆம் ஆண்டிலேயே, அதாவது நியூயோர்க் இசைப் பள்ளி தோன்றிய அதே ஆண்டில், சென்னை அடையாற்றில் ருக்மிணிதேவி அருண்டேல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அது தனியார் நிறுவனமாகத் தோன்றி, 1993ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது. இதனினும் எளியதாய், ஆனால் பலருக்கு எட்டத்தக்கதாய் அமைந்தவை தமிழ்நாட்டு அரசு மாவட்டந்தோறும் நிறுவ முனைந்த இசைப்பள்ளிகள். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியன மூன்றாண்டுப் பயிற்சியாக அங்குக் கற்பிக்கப்படுகின்றன. தலைநகரில் ஒரு பெருங்கோயில் எழுப்புவது ஒரு வழி; ஊர்தோறும் சிறு விளக்கேற்றுவது மற்றொரு வழி. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே இப்பொருளின் உயிர்நிலையாகும்.

அது ஏன் என்பதை விளக்க வேண்டும். காந்தத்தின் இயல்பு ஈர்ப்பது. ஈர்க்கப்பட்ட துகள் முன்னிருந்த இடத்தை விட்டு நீங்குகிறது. ஒரு நாட்டிலுள்ள திறமையாளரான பிள்ளைகளையெல்லாம் ஒரே பள்ளி ஈர்த்துக்கொள்ளுமாயின், எஞ்சிய பள்ளிகளின் நிலை யாது? பள்ளியின் கலைவிழாவுக்கு உயிரூட்டிய பிள்ளை சென்றுவிடுகிறது. அப்பிள்ளையைக் கண்டு ஊக்கம் பெற்றிருக்கக்கூடிய பத்துப் பிள்ளைகள் அவ்வூக்கத்தை இழக்கின்றனர். சிறந்த ஆசிரியரும் அப்பெரிய பள்ளியையே நாடுவர். காலப்போக்கில் சிறிய பள்ளியிலே கலைப்பாடம் பெயரளவுக்கு மட்டும் நிலைக்கும். தேர்வு முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. பதினொரு வயதுப் பிள்ளையின் திறமையை அளக்கும்போது நாம் உண்மையில் எதை அளக்கின்றோம்? ஆறு வயது முதல் கட்டணம் செலுத்தி நடனம் பயின்ற பிள்ளையும், ஒரு நாளும் ஆசிரியர் முகம் பாராத பிள்ளையும் ஒரே மேடையில் நிற்குமானால், அங்கே வெளிப்படுவது திறமையா, வாய்ப்பா? காந்தப் பள்ளிகள் மலிந்த நாடுகளிலும் இவ்விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இச்சிக்கலுக்கு இலங்கை பொதுக்கல்வித் துறையிலே ஒரு காலத்தில் கண்ட விடை உலகம் வியக்கத்தக்கது. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராயிருந்தவர் கலாநிதி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. இலவசம் என்று மட்டும் சொல்லிவிட்டால், நல்ல பள்ளிகள் நகரங்களிலும் இலவசம் கிராமங்களிலும் என்றாகிவிடும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலால், கிராமப்புறங்களிலே மத்திய பாடசாலைகளை நிறுவினார். அவற்றின் தொகை 54 எனக் கணக்கிடப்படுகிறது. ஆய்வுகூடமும் நூலகமும் விளையாட்டு மைதானமும் மாணவர் விடுதியும் அவற்றுக்கு அளிக்கப்பட்டன. ஐந்தாந் தரத்தில் நடைபெற்ற பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைகள் உதவிப் பணத்தோடு அவ்விடுதிகளில் தங்கிப் பயின்றனர். கலேவெலவிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் திசையில் உள்ள அக்குரம்பொடையில் வீர கெப்பெட்டிப்பொல மத்திய கல்லூரி இன்றும் அக்கொள்கையின் சான்றாக நிற்கின்றது.

மத்திய பாடசாலையும் ஒரு காந்தமே. ஆயினும் அக்காந்தம் கொழும்பில் வைக்கப்படவில்லை. பிள்ளை வாழும் பிரதேசத்துக்கே கொண்டுவரப்பட்டது. தன் மண்ணையும் தன் மக்களையும் விட்டு நெடுந்தொலைவு செல்லாமலே உயர்கல்வியின் வாயிலை அடையலாம் என்பதை அது ஒரு தலைமுறைக்குக் காட்டிற்று. விவசாயியின் மகன் வைத்தியனானான். கூலியாளின் மகள் ஆசிரியையானாள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மொழிக்கும் இவ்வழி திறந்தது. கலைக்கும் அவ்வாறே திறந்ததா என்பதே இன்று கேட்க வேண்டிய கேள்வி.

பாடத்திட்டத்தில் கலைக்கு இடமில்லை என்று எவரும் கூற முடியாது. இலங்கைப் பாடசாலைகளில் அழகியற் கல்வி நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. இடைநிலை வகுப்புகளில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றுள் ஒன்றைப் பிள்ளை பயின்று வந்துள்ளது. க.பொ.த. சாதாரண தரத்தில் இவை தெரிவுப் பாடங்களாகவும், உயர்தரத்தில் கலைப்பிரிவின் பாடங்களாகவும் அமைந்துள்ளன. எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் நடத்தப்படுகிறது. அதற்கப்பால் 2005ஆம் ஆண்டில் தோன்றிய கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் கொழும்பில் உள்ளது. தமிழ் மாணவருக்கு 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கப்பெற்று 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் உள்ளது. மட்டக்களப்புக் கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தோன்றி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உள்ளது. ஆகவே, ஏணியின் அடிப்படியும் மேற்படியும் இருக்கின்றன. இடைப்படிகளோ எல்லா இடங்களிலும் உறுதியாய் இல்லை.

அழகியற் பாடம் ஆசிரியரைப் பொறுத்தது. கணிதத்தை நூலிலிருந்து ஓரளவு கற்கலாம். சுரத்தை நூலிலிருந்து கற்க இயலாது, அடவையும் அவ்வாறே. தமிழ்மொழி மூலம் பயிலும் பிள்ளைக்குக் கர்நாடக சங்கீதமும் பரதமும், சிங்களமொழி மூலம் பயிலும் பிள்ளைக்குக் கீழைத்தேய சங்கீதமும் கண்டிய நடனமும் பாடங்களாக அமைகின்றன. ஒரு வலயத்திலே தமிழ்மொழிப் பாடசாலைகள் சிலவே இருக்குமாயின், அவை ஒவ்வொன்றுக்கும் சங்கீத ஆசிரியர் ஒருவரும் நடன ஆசிரியர் ஒருவரும் நாடக ஆசிரியர் ஒருவரும் அமர்த்தப்படுதல் அரிது. ஆசிரியர் இல்லாத பாடத்தைப் பிள்ளை தெரிவுசெய்ய இயலாது. ஆகவே இருக்கின்ற ஆசிரியரின் பாடமே பிள்ளையின் பாடமாகிவிடுகிறது. பாடும் பிள்ளை படம் வரைகிறது. ஆடும் பிள்ளை சும்மா இருக்கிறது. இதில் எவர்மீதும் பழி சுமத்துவதற்கில்லை. சிறிய பாடசாலைகள் சிதறிக்கிடக்கும் எந்நாட்டிலும் இக்குறை தானாகவே தோன்றும். தோன்றும் குறைக்குப் பரிகாரம் தேடாதிருப்பதே பழிக்குரியது.

பெற்றோரின் மனநிலையும் இங்கே கருதத்தக்கது. பாட்டுப் பாடினால் வயிறு நிறையுமா என்று தந்தை கேட்பது இயல்பு. அக்கேள்வியை இகழ்தல் ஆகாது. வறுமையை அறிந்தவன் கேட்கும் கேள்வி அது. நியூயோர்க்குப் பள்ளி அக்கேள்விக்குத் தந்த விடை நினைவிற்கொள்ளத்தக்கது. கலைக்காகப் பொதுக்கல்வியை அது கைவிடவில்லை. பயின்று வெளியேறியோர் அனைவரும் கலைஞராயினர் என்பதுமில்லை. ஆனால் இசை பயின்ற பிள்ளை நாள்தோறும் ஒழுங்காய் உழைக்கப் பழகிற்று. பலரோடு கூடி ஒன்றை நிறைவேற்றப் பழகிற்று. தன் பிழையைத் தானே செவிமடுத்துத் திருத்தப் பழகிற்று. இப்பழக்கங்கள் எத்தொழிலிலும் உதவுவன. மேலும், அச்சு, ஆடை வடிவமைப்பு, ஒலிபரப்பு, திரைப்படம், கட்டடக்கலை, சுற்றுலா ஆகிய துறைகள் கண்ணும் செவியும் பயின்றோரை இன்று வேண்டி நிற்கின்றன. ஆசிரியத் தொழிலோ என்றும் அவர்களை வேண்டி நிற்கும்.

கலேவெலப் பிள்ளைக்குக் கலை அயலானதன்று. அங்கிருந்து 20 கிலோமீற்றருக்குள் தம்புள்ளைக் குகைக் கோயில் இருக்கிறது. ஐந்து குகைகளின் சுவர்களிலும் கூரைகளிலும் விரிந்து கிடக்கும் ஓவியங்களை உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து காண்கின்றனர். 1991ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. அதே மாத்தளை மாவட்டத்தில், ஐந்தாம் நூற்றாண்டின் ஓவியங்களைத் தாங்கிய சிகிரியாவும் உண்டு. நாலந்தாவிலே தென்னிந்தியக் கட்டடப் பாணியும் பௌத்த மரபும் ஒன்றுகலந்த கெடிகே எனும் கற்கோயில் உண்டு. நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அக்கோயில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, உயர்ந்த இடத்தில் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. இரு மரபுகள் ஒரு சுவரில் இசைந்து நிற்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடநூல் வேறில்லை. ஆயினும் வெளிநாட்டவர் பல்லாயிரம் மைல் கடந்து வந்து காணும் ஓவியத்தை, அண்டை ஊர்ப் பிள்ளை சுற்றுலாவன்று ஓடிக்கடந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறது. அதன் முன்னே அமர்ந்து ஒரு கோட்டை வரைந்து பார்க்க அப்பிள்ளையைப் பழக்கினால், கல்வி அன்றே தொடங்கிவிடும்.

ஏட்டில் ஏறாத கலைகளும் இம்மாவட்டத்தில் உண்டு. மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடப்பட்டு வந்துள்ளன. முஸ்லிம் மக்களிடையே களிகம்பும் றபான் இசையும் வழங்கின. சிங்களக் கிராமங்களிலே கண்டிய நடன மரபு குடும்ப வழியாகத் தொடர்ந்தது. இக்கலைகளை அறிந்த முதியோர் பாடசாலை வாயிலைக் கடந்து உள்ளே வருவது அரிது. வந்தால் என்ன நிகழும் என்பதற்கு வரலாறே சான்று கூறுகிறது. 1956ஆம் ஆண்டில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்களக் கிராமிய நாடக மரபிலிருந்து மனமே நாடகத்தை உருவாக்கினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்பின் நாட்டுக்கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, சில மணி நேரத்துக்குச் சுருக்கப்பெற்றது. 1962 முதல் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவை அடுத்தடுத்து மேடையேறின. பாமரர் கலை என ஒதுக்கப்பட்டது, கற்றோர் போற்றும் கலையாயிற்று. கூத்தைப் பல்கலைக்கழகம் உருவாக்கவில்லை. மதிப்பையும் ஒழுங்கையுமே அளித்தது. அவ்விரண்டும் கிடைத்தவுடன் கலை தழைத்தது.

மற்றொரு முன்மாதிரியை யாழ்ப்பாணம் தருகின்றது. சித்திர வித்தியாதரிசியாயிருந்த எஸ். ஆர். கனகசபை அங்கே ஓவியக் கழகம் ஒன்றை அமைத்தார். இலங்கைப் பாடசாலைகளில் ஓவியக் கல்விக்கு வித்திட்ட சி. எப். வின்சர் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரை அக்கழகம் தாங்கிற்று. பின்னர் ஓவிய ஆசிரியர் அ. மாற்கு விடுமுறைக் கால ஓவியர் கழகத்தை நடத்தினார். பெருங்கட்டடமோ பெருநிதியோ அவர்களிடம் இருக்கவில்லை. வெவ்வேறு பாடசாலைகளின் மாணவர் விடுமுறை நாட்களில் ஓரிடத்தில் கூடினர். ஓர் ஆசிரியர் அவர்களுக்கு வழிகாட்டினார். அவ்வளவே. எந்தப் பாடசாலையும் தன் பிள்ளையை இழக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் கற்றதைத் தன் பாடசாலைக்குத் திருப்பிக் கொண்டுசென்றது.

இவ்வெடுத்துக்காட்டுகளை ஒருங்கு வைத்து நோக்கினால், கலேவெல போன்ற வலயத்துக்கு ஏற்ற வழி ஓரளவு புலனாகும். புதிய பெரும்பள்ளி ஒன்றைக் கட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வலயத்திலுள்ள ஒரு பாடசாலையைக் கலை மையமாகத் தெரிந்தெடுக்கலாம். சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் ஆகிய நான்குக்கும் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கவல்ல ஆசிரியரை அங்கே ஒருசேர அமர்த்தலாம். சிதறிக்கிடக்கும் பல சிறு பாடசாலைகளுக்குத் தனித்தனியே அளிக்க இயலாத ஆசிரியரையும் வாத்தியங்களையும் ஓரிடத்தில் வைத்து எல்லாருக்கும் பொதுவாக்குதல் சிக்கனமான ஏற்பாடே. வார இறுதியிலும் விடுமுறையிலும் ஏனைய பாடசாலைகளின் பிள்ளைகள் அங்கே வந்து பயிலட்டும். வார நாட்களில் அவ்வாசிரியர் முறைவைத்துச் சிறிய பாடசாலைகளுக்குச் செல்லட்டும். ஊர்ப் பெரியோரான கூத்துக் கலைஞரும் நடனக் கலைஞரும் அங்கே வருகை ஆசிரியராக மதிக்கப்படட்டும்.

இத்திட்டத்துக்கும் சில எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, பிள்ளையின் போக்குவரத்து. ஊரின் ஓரத்தில் வாழும் பிள்ளை பேருந்துக் கட்டணத்துக்கு வழியின்றி வீட்டில் இருந்துவிடுமானால், மையம் நகரத்துப் பிள்ளைகளின் சொத்தாகிவிடும். கன்னங்கரா பாடசாலையோடு விடுதியையும் உதவிப் பணத்தையும் சேர்த்துச் சிந்தித்ததன் காரணம் இதுவே. இரண்டாவது, தெரிவு. மையத்துக்கு வரும் பிள்ளைகளை ஒரு நாள் தேர்வினால் வடிகட்டாது, ஓராண்டு பயிற்சியளித்த பின்னர் யாரிடம் நாட்டமும் விடாமுயற்சியும் உள்ளன எனக் காணுதல் நேரியது. பயிற்சியே பெறாத பிள்ளையைப் பயிற்சி பெற்ற பிள்ளையோடு ஒப்பிடும் அநீதி அதனால் நீங்கும். மூன்றாவது, மொழி. ஒரே மண்டபத்தில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் தத்தம் கலையைப் பயிலும்போது, வாரத்தில் ஒருவேளையேனும் ஒருவர் கலையை மற்றவர் காண வேண்டும். மிருதங்கமும் கண்டிய மத்தளமும் ஒரு மேடையில் உரையாடுதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. டலஸ் நகரில் சட்டம் செய்யத் தடுமாறியதைக் கலை செய்தது என்றால், அதற்குக் காரணம் அங்கே பிள்ளைகள் ஒரே மேடைக்காக ஒன்றாய் உழைத்தமையே.

சுவாமி விபுலாநந்தரின் வாழ்க்கையை இவ்விடத்தில் எண்ணிப்பார்க்கலாம். கிழக்கிலங்கையில் காரைதீவு என்னும் சிற்றூரிலே பிறந்தவர் அவர், விஞ்ஞானம் பயின்றவர், பாடசாலைகளை நடத்தியவர், பழந்தமிழரின் யாழ் மரபை ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டவர். கணக்கறிவும் இசையறிவும் ஒருவரிடத்தே பகைமையின்றி வாழக்கூடும் என்பதற்கு அவரே சான்று. சுரங்களின் அலைவெண்களைக் கணித்தறிய விஞ்ஞானம் அவருக்கு உதவிற்று. அக்கணிதத்துக்குப் பொருள் தர இசை உதவிற்று. இவ்வாறு இரண்டையும் ஒன்றாய்ப் பெறும் வாய்ப்பை எத்தனை பிள்ளைகளுக்கு நம் பாடசாலைகள் அளிக்கின்றன என்பதே ஒரு நாட்டின் கல்வியை அளக்கத்தக்க உரைகல்.

காந்தத்தைப் பற்றிப் பாடசாலையிலே கற்பிக்கப்படும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் உருக்கு ஊசியை எடுத்து, அதன்மீது காந்தத்தை ஒரே திசையில் பலமுறை தேய்த்தால், அவ்வூசியும் காந்தமாகிவிடும். தேய்த்த காந்தத்தின் வலிமை அதனாற் குன்றுவதில்லை. ஊசியை நூலிற் கட்டித் தொங்கவிட்டால், அது தானே வடக்கும் தெற்கும் காட்டும். கலைப் பள்ளி ஒன்று துகள்களை ஈர்த்து வைத்துக்கொள்வதோடு நின்றுவிடுமாயின் அதன் பயன் சிறிதே. தன்னைத் தொட்ட ஒவ்வொரு பாடசாலையையும் ஆசிரியரையும் பிள்ளையையும் காந்தமாக்கி, அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்புமாயின், அதன் பயன் பெரிது. ஈர்க்கும் ஆற்றலை விரும்பும் கல்வியாளர், பரப்பும் ஆற்றலையும் அதனோடு சேர்த்தே திட்டமிடுதல் வேண்டும்.